‘பெட்டி வந்தாச்சா?’ போய் ‘கீ வந்தாச்சா?’ : தியேட்டரும் பாட்டுக் கடையும் டிஜிட்டல் ஆன கதை



நாம் எல்லோரும் தினமும் தொட்டுப் பழகியும் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராத ஒரு விஷயத்தை இந்த இதழில் பார்ப்போம். சங்கரன்கோவில் மாதிரி ஊர்களில் புதுப்படம் ரிலீஸ் ஆகும் நாளில், முன்பெல்லாம் தியேட்டர் வாசலில் கேட்கும் முதல் கேள்வி “பெட்டி வந்தாச்சா?” என்பதுதான். இப்போது அதே வாசலில் கேட்பது “கீ வந்தாச்சா?”. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் சுமார் இருபது வருட டெக்னாலஜி மாற்றம் இருக்கிறது. நாம் பாட்டு வாங்கும் பழக்கமும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் மாறியிருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

பெட்டி என்றால் தகரப் பெட்டி. உள்ளே 35 மி.மீ. பிலிம் சுருள்கள். ஒரு அடி பிலிமில் 16 பிரேம் இருக்கும். ஒரு விநாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டும். அப்படியென்றால் விநாடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 150 × 90 = 13,500 அடி. கிலோமீட்டரில் சொன்னால் நாலு கிலோமீட்டருக்கும் மேல்! 1,000 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். ஆக, ஒரு படத்துக்கு 14 ரீல். ‘போலீஸ் கடைசி ரீல்லதான் வரும்’ என்று கிண்டல் செய்கிறோமே, அந்த ரீல் இதுதான்.

ஆபரேட்டர் அறையில் இரண்டு ப்ரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி மின்னும். அதைப் பார்த்து ஆபரேட்டர் இரண்டாவது ப்ரொஜெக்டரை ஓட விடுவார். வெளிச்சத்துக்கு முதலில் கார்பன் குச்சி, பின்னாளில் செனான் விளக்கு. குச்சி எரிய எரிய அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும்.

தமிழ்நாட்டில் சினிமா என்பது ஆரம்பம் முதலே பெட்டி தூக்கும் தொழில்தான். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். டூரிங் டாக்கீஸ் என்ற வார்த்தைக்கு நம்ம பக்கத்து மூதாதையர் அவர்.

இனி விநியோகக் கணக்கு. ஒரு பிரிண்ட் எடுக்க லேபில் பல பத்தாயிரம் ரூபாய் செலவாகும். அதனால் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் பிரிண்ட் அனுப்ப எந்தத் தயாரிப்பாளராலும் முடியாது. தமிழ்நாட்டைச் சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை-ராமநாதபுரம் என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்துத்தான் படத்தை விற்பார்கள். நாம் திருநெல்வேலி-கன்னியாகுமரி, அதாவது ‘டி.கே.’ ஏரியா. 2019ல் தென்காசி தனி மாவட்டம் ஆனாலும் சினிமாக்காரர்களின் வரைபடத்தில் நாம் இன்னும் டி.கே. தான்.

ஏரியாவுக்கு இத்தனை பிரிண்ட் என்று எண்ணித்தான் வரும். பெரிய ஊர்களில் முதல் ரவுண்டு ஓடி முடித்த பிறகே சின்ன ஊருக்கு, அதற்குப் பிறகுதான் கிராமத்துக் கொட்டகைக்கு. அதற்குள் பிலிம் முழுக்கக் கீறல் விழுந்து, ஹீரோ வெயிலில் நடந்தாலும் திரையில் மழை பெய்துகொண்டிருக்கும். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர் பங்குபோட்டு, இங்கே ஓடி முடிந்த ரீலை வண்டியில் அங்கே கொண்டு ஓடுவதும் உண்டு. வழியில் டயர் பஞ்சர் ஆனால் அந்த ஊரில் இடைவேளை நீளும்!

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒரு பொருள். அது யார் கையில் இருக்கிறதோ அவரால் படம் காட்ட முடியும். பின்னால் இது தேவைப்படும்.

பெட்டி எப்படிக் காணாமல் போனது?

முதலில் மாறியது எடிட்டிங் டேபிள். சென்னையில் 1986ல் ஜெயேந்திராவும் செந்தில் குமாரும் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம், ‘ஏவிட்’ என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1994ல் வந்த ‘மகாநதி’ அப்படித் தொகுக்கப்பட்டது. அடுத்து ஒலி: 1995ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தது. அடுத்து கேமரா: பி.சி. ஸ்ரீராம் இயக்கி 2004ல் வந்த ‘வானம் வசப்படும்’ டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. கடைசியாக மாறியதுதான் ப்ரொஜெக்டர். அதே ரியல் இமேஜ் 2005ல் ‘க்யூப்’ என்ற டிஜிட்டல் சினிமா முறையைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் மும்பையின் யு.எஃப்.ஓ. நிறுவனம் படத்தைச் சாட்டிலைட் வழியாகவே தியேட்டருக்கு அனுப்பத் தொடங்கியது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது. 2013ல் ஃபியூஜி சினிமா பிலிம் தயாரிப்பதையே நிறுத்தியது. நூறு வருடம் ஓடிய பிலிம் பத்தே வருடத்தில் மூட்டை கட்டியது.

250 மெகாபிட் கணக்கு

ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் 2002ல் ஒன்றுகூடி டி.சி.ஐ. என்ற அமைப்பை ஏற்படுத்தி, 2005ல் டிஜிட்டல் சினிமாவுக்கான விதிகளை வெளியிட்டன. உலகம் முழுக்க இதுதான் அடிப்படைத் தரம். 2கே என்றால் அகலத்தில் 2,048, உயரத்தில் 1,080 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறத் தகவல், நிறத்துக்கு 12 பிட் வீதம் 36 பிட்.

போடுங்கள் கணக்கு: 2,048 × 1,080 × 36 × 24. விநாடிக்குச் சுமார் 1.9 ஜிகாபிட் வரும். இதை அப்படியே சேமித்தால் ஹார்ட் டிஸ்க் தாங்காது. அதனால் ஜேபெக் 2000 முறையில் சுருக்கி, விநாடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட் என்று வரம்பு வைத்தார்கள். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இரண்டரை மணி நேரத்துக்கு 250 × 9,000 = 22,50,000 மெகாபிட். எட்டால் வகுத்தால் சுமார் 281 ஜி.பி. நாலு கிலோமீட்டர் பிலிம், சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு டிஸ்க்காகச் சுருங்கிவிட்டது.

யூடியூப் வீடியோ எல்லாம் இதைவிடப் பல மடங்கு சின்னதாக இருக்கிறதே, எப்படி? அங்கே அடுத்தடுத்த பிரேம்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் அனுப்புவார்கள். பின்னணி அசையவில்லை என்றால் அதைத் திரும்ப அனுப்ப மாட்டார்கள். தியேட்டர் தரத்தில் அந்தக் கஞ்சத்தனம் இல்லை. ஒவ்வொரு பிரேமும் தனித்தனிப் படமாகவே சுருக்கப்படும். ஒரு பிரேம் கெட்டாலும் அடுத்தது பாதிக்காது.

ஆனால் டி.சி.ஐ. தர ப்ரொஜெக்டர் விலை சின்ன ஊர் தியேட்டருக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் இந்தியாவில் ‘இ-சினிமா’ என்று விலை குறைந்த, தரம் கொஞ்சம் இறங்கிய ஒரு வழியும் பெரிய அளவில் பரவியது. கருவியை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுத்து ஓட்டவும் முடிந்தது. பல சின்னத் தியேட்டர்கள் அந்த வழியில்தான் டிஜிட்டலுக்கு வந்தன.

‘கீ’ என்றால் என்ன?

டிஸ்க் வந்துவிட்டால் படம் ஓடிவிடுமா? ஓடாது. உள்ளே இருக்கும் படம் 128 பிட் ஏ.இ.எஸ். முறையில் பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்கும் சாவி தனியாக, மெயிலிலோ பென் டிரைவிலோ வரும். இதைக் கே.டி.எம். என்பார்கள். தியேட்டர்காரர் வாயில் அதுதான் ‘கீ’.

கிரிப்டோகிராபி பேப்பர் படித்தவர்களுக்கு இது சுலபம். ஒவ்வொரு சர்வருக்கும் பப்ளிக் கீ, பிரைவேட் கீ என்று ஒரு ஜோடி உண்டு. சங்கரன்கோவில் தியேட்டர் சர்வரின் பப்ளிக் கீயை வைத்து, படத்தின் சாவியை 2,048 பிட் ஆர்.எஸ்.ஏ. முறையில் பூட்டி அனுப்புவார்கள். அதை அந்த ஒரு சர்வரால் மட்டுமே திறக்க முடியும். பக்கத்து ராஜபாளையம் தியேட்டருக்குக் கொண்டுபோனால் பயன்படாது. அதோடு, எந்தத் தேதி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை செல்லும் என்பதும் சாவிக்குள்ளேயே எழுதியிருக்கும். நேரம் முடிந்தால் டிஸ்க் அங்கேயே இருக்கும், படம் ஓடாது. சர்வரை நோண்டித் திறந்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பகுதி தன் ரகசியத்தைத் தானே அழித்துக்கொள்ளும்.

இன்னொரு சுவையான விஷயம். திரையில் ஓடும் படத்துக்குள்ளேயே, நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு அடையாளம் கலந்திருக்கும். டி.சி.ஐ. விதிப்படி அது 35 பிட் தகவல். 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் இடத்துக்கு. நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். ஒரு வருடத்துக்கு 4 × 24 × 366 = 35,136 எண்கள் வேண்டும், 16 பிட்டில் 65,536 இருக்கிறது, போதும். 19 பிட்டில் 5,24,288 இடங்களைக் குறிக்கலாம். யாராவது செல்போனில் படத்தைத் திருட்டுத்தனமாக எடுத்து வெளியிட்டால், எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று அந்த வீடியோவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். 2023ல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராப் சட்டப்படி இதற்குக் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயிலிருந்து தொடங்கும். ஸ்டேட்டஸ் வைக்கிறேன் என்று போனைத் தூக்கும் நண்பனிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

நம்ம ஊருக்கு லாபம் என்ன, நஷ்டம் என்ன?

லாபம் பெரியது. ஒரு காப்பி எடுக்கும் செலவு கிட்டத்தட்ட இல்லாமல் போனதும், சென்னையில் ஓடும் அதே படம் அதே நாளில் அதே காலைக் காட்சியில் இங்கேயும் ஓடத் தொடங்கியது. மழைக் கோடு இல்லை. நூறாவது காட்சியும் முதல் காட்சி மாதிரியே இருக்கும். விசைத்தறிக் கூடத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும், சென்னை மாலில் பாப்கார்ன் வாங்குகிறவருக்கும் ஒரே நாளில் ஒரே படம். ‘சின்ன ஊர்க்காரன் கடைசியில பார்த்தாப் போதும்’ என்ற வழக்கத்தை டிஜிட்டல் உடைத்தது. இதைச் சமத்துவம் என்றே சொல்லலாம்.

ஆனால் அதே காரணமே ஒரு நஷ்டத்தையும் கொண்டுவந்தது. எல்லாத் திரையிலும் ஒரே நாளில் படம் வந்துவிடுவதால் கூட்டம் முதல் மூன்று நான்கு நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. முதல் காட்சி இடைவேளையிலேயே ‘படம் எப்படி?’ என்ற செய்தி போனில் ஊரைச் சுற்றி வந்துவிடும். 100 நாள், 175 நாள் என்று போஸ்டர் ஒட்டிய காலம் போய், இரண்டாவது வாரம் தாண்டினாலே பெரிய விஷயம். பல நூறு சீட் உள்ள ஒற்றைத் திரை தியேட்டருக்கு மின்கட்டணமும் சம்பளமும் வருடம் 365 நாளும் உண்டு. கூட்டமோ பொங்கல், தீபாவளி, ஆடித்தபசு என்று விரல் விட்டு எண்ணும் நாட்களில்தான். தமிழ்நாடு முழுக்கப் பல தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் கடைகளாகவும் மாறியதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

பணம் யார் கொடுப்பது என்பதிலும் தகராறு வந்தது. பிரிண்ட் செலவு மிச்சமானதால், டிஜிட்டல் கருவிக்கான செலவில் ஒரு பங்கைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று ‘வி.பி.எஃப்.’ என்ற கட்டணம் உருவானது. கருவிக்கான முதலீடு எப்போதோ திரும்பி வந்திருக்குமே, இன்னும் எத்தனை வருடம் கட்டுவது என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் 2018 மார்ச் 1 முதல் புதுப்படங்களை வெளியிடாமல் நிறுத்தியது. அரசு முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்து, ஏப்ரல் 20ல்தான் மறுபடி புதுப்படம் வந்தது. ஏழு வாரம் தியேட்டர்களில் பழைய படம்தான். பெட்டிக் காலத்தில் இப்படி ஒரு சண்டை வருவதற்கே இடமில்லை.

அடுத்தது ஓ.டி.டி. 2013லேயே ‘விஸ்வரூபம்’ படத்தை டி.டி.எச். வழியாக வீட்டுக்கு அனுப்ப கமல்ஹாசன் திட்டமிட்டபோது தியேட்டர்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஏழு வருடம் கழித்து கொரோனாவில் தியேட்டர் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது, 2020 மே 29ல் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் ப்ரைமில் வந்தது. நவம்பரில் ‘சூரரைப் போற்று’. 2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ தியேட்டருக்குக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் ஜனவரி 13ல் வந்த படம் 29ஆம் தேதியே ப்ரைமில் இருந்தது, வெறும் 16 நாள் இடைவெளி. பிறகு நான்கு வாரம் என்பது தமிழ்ப் படங்களின் வழக்கமானது. 2023ல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பை, எட்டு வார இடைவெளி இல்லை என்று பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவே இல்லை. ‘நாலு வாரம் பொறுத்தா வீட்லயே பார்க்கலாமே’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்தின் விலையைக் கட்டுவது நம்ம ஊர் ஒற்றைத் திரை தியேட்டர்தான்.

பாட்டு வாங்கிய கதை

இப்போது கேசட் கடைக்கு வருவோம். பிலிப்ஸ் நிறுவனம் 1963ல் கொண்டுவந்த சின்னக் கேசட், எழுபதுகளின் கடைசியிலிருந்து நம்ம ஊர் தெருக்களில் ‘மியூசிக்கல்ஸ்’ என்ற பெயர்ப் பலகைகளை முளைக்க வைத்தது. டீக்கடை, சலூன், தறிக்கூடம், டவுன் பஸ் என்று எங்கும் பாட்டு. கம்பெனி கேசட் வாங்குவது ஒரு வழி. இன்னொரு வழி, ஒரு தாளில் பிடித்த பாட்டுகளை எழுதிக் கடையில் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு என்று பன்னிரண்டு பாட்டு. எதை எடுப்பது, எதை விடுவது என்று தாளில் அடித்து அடித்து எழுதியதுதான் அந்தக் காலத்து பிளேலிஸ்ட்.

சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிவில் ஒரு பைசாகூட இசையமைப்பாளருக்கோ பாடலாசிரியருக்கோ போகாது. அதையும் மறந்துவிடக் கூடாது.

1982ல் சி.டி. வந்தது. இங்கேதான் பாட்டு எண்ணாக மாறியது. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதி, இடது வலது என இரண்டு சேனல்: 44,100 × 16 × 2 = 14,11,200 பிட். ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 53 எம்.பி. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முக்கியப் பங்கு வகித்து உருவாக்கிய எம்.பி.3 முறை, மனிதக் காது எப்படியும் கவனிக்காத ஒலிகளை நீக்கிச் சுருக்கியது. ஒரு பலத்த ஒலி கேட்கும்போது அதை ஒட்டிய மெல்லிய ஒலி நமக்குக் கேட்காது. தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்காது இல்லையா, அதே சங்கதி. 128 கிலோபிட் வேகத்தில் அந்த ஐந்து நிமிடப் பாட்டு 4.8 எம்.பி. தான். அதே 700 எம்.பி. தட்டில் 145 பாட்டு!

அந்தக் கணக்கு ஒன்றே கேசட் கடையைக் காலி செய்தது. பிறகு மெமரி கார்டு வந்தது. மொபைல் ரீசார்ஜ் கடையில் சில ரூபாய் கொடுத்தால் 4 ஜி.பி. கார்டு நிறைய, சுமார் 800 பாட்டு ஏற்றித் தந்தார்கள். பாட்டின் விலை கிட்டத்தட்ட பூஜ்யம். இசையமைத்தவருக்குப் போனதும் பூஜ்யம்தான்.

வாங்கினோமா, வாடகைக்கு எடுத்தோமா?

நேர்மையாகப் பாட்டை விற்க முயன்றவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் ஆப்பிள் 2003ல் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, பாட்டு ஒன்று 99 சென்ட் என்று விற்றது. இந்தியாவில் ஃபிளிப்கார்ட் 2012ல் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் எம்.பி.3 கடை தொடங்கி, 2013லேயே மூடியது. திருட்டு டவுன்லோடு ஒரு காரணம். பத்துப் பதினைந்து ரூபாயை ஆன்லைனில் கட்ட சுலபமான வழி இல்லாதது இன்னொரு காரணம். யு.பி.ஐ. வந்தது 2016ல். மூன்று வருடம் முந்திப் பிறந்துவிட்ட கடை அது!

அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா மலிந்தது. சேமித்து வைப்பதற்கே அவசியம் இல்லாமல் போனது. கானா, ஜியோசாவன், 2019ல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, எல்லாவற்றுக்கும் மேலே யூடியூப். 2011 நவம்பரில் ‘கொலவெறி’ பாட்டு ஒரு படம் வெளிவருவதற்கு முன்பே உலகம் சுற்றியது. ‘ரவுடி பேபி’ 2020ல் நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது. இந்த மாற்றத்தில் ஒரு நல்லது உண்டு. கேட்கும் ஒவ்வொரு முறையும் எண்ணப்படுவதால், குறைந்தபட்சம் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 2012ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டமும் துணைக்கு வந்தது. ஒரு படப் பாட்டு தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர வேறு எந்த வழியில் பயன்பட்டாலும், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு, அந்த உரிமையை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்கிறது அந்தச் சட்டம்.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஃபிளைட்டில் அன்று காசு கொடுத்து வாங்கியவரின் எம்.பி.3, கடை மூடிப் பல வருடம் ஆகியும் அவர் டிஸ்க்கில் பாடும். ஏனென்றால் அதில் பூட்டு இல்லை. 2014ல் தொடங்கிய ‘விங்க்’ சேவை 2024ல் மூடப்பட்டபோது, அதில் உருவாக்கிய பிளேலிஸ்ட் அந்தச் சேவைக்குள் இருந்தது, அவ்வளவுதான். இன்று நாம் மாதச் சந்தா கட்டுவது பாட்டுக்கு இல்லை, பாட்டு கேட்கும் அனுமதிக்கு. உரிம ஒப்பந்தம் முடிந்தால் ஒரு நாள் காலையில் அந்தப் பாட்டு சாம்பல் நிறமாகிவிடும். யாரிடமும் சண்டை போட முடியாது, ஏனென்றால் நாம் எதையும் வாங்கவே இல்லை.

தியேட்டரிலும் இதே கதைதான் என்பது இப்போது தெரிகிறதா? பெட்டி பொருளாக இருந்தது, கீ அனுமதியாக இருக்கிறது. கேசட் பொருளாக இருந்தது, ஸ்ட்ரீமிங் அனுமதியாக இருக்கிறது. பொருள் நம் ஊருக்கு வந்து சேர நாளாகும், வந்த பிறகு அது இங்கே இருக்கும். அனுமதி ஒரே நொடியில் வரும், அதே நொடியில் போய்விடும். ரிலீஸ் நாளில் பணப் பாக்கித் தகராறில் கீ வராமல் காலைக் காட்சி ரத்தாவதை நாம் செய்தியில் அடிக்கடி பார்க்கிறோம். டிஸ்க் தியேட்டருக்குள்ளேயே இருக்கும். ரசிகர்கள் வாசலில் நிற்பார்கள். ஊர் மொத்தத்திலும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நாளைக்கு யார் திறப்பது?

1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. அதன் ஒரு பிரதிகூட இன்று கிடைப்பதில்லை. பிலிம் அழியும் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1964ல் வந்த ‘கர்ணன்’ படத்தைப் பாருங்கள். பழைய பிலிமிலிருந்து டிஜிட்டலில் சுத்தம் செய்து 2012ல் வெளியிட்டார்கள், தியேட்டர் நிறைந்தது. 2024ல் ‘கில்லி’ மறுபடி வந்தபோது, அந்தப் படம் முதலில் வந்தபோது பிறக்காத நம்ம வயதுப் பசங்கள் எழுந்து ஆடினார்கள். பிலிமுக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு பழையதானாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருப்பது தெரியும். மென்பொருள் வேண்டாம், சாவி வேண்டாம்.

‘கர்ணன்’ 48 வருடம் கழித்து எழுந்து வந்தது. இந்த வருடம் எடுக்கப்படும் ஒரு சின்னப் படத்தை 48 வருடம் கழித்து யாராவது தேடினால்? ஹார்ட் டிஸ்க் அவ்வளவு நாள் ஓடாது. ஓடினாலும் அந்த ஃபார்மட்டைப் படிக்கும் மென்பொருள் வேண்டும். பூட்டிய பிரதி மட்டும் மிஞ்சி, சாவி கொடுத்த நிறுவனம் இல்லாமல் போனால், அந்த 281 ஜி.பி. வெறும் எண் குப்பை. ஓ.டி.டி.யில் மட்டும் வந்த படத்துக்குத் தியேட்டர் பிரதிகூட இருக்காது.

நமக்கு இதில் என்ன வேலை?

புலம்புவதற்காக இதை எழுதவில்லை. இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் கையில் எடுக்கக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன.

ஒன்று. நம் கல்லூரி குறும்படத்தைத் தியேட்டர் திரையில் ஓட்டலாம். ‘டி.சி.பி.-ஓ-மேட்டிக்’ என்ற இலவச மென்பொருள், நம் வீடியோவைத் தியேட்டர் சர்வர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும். பூட்டுப் போடாமலே செய்யலாம். ரீல் காலத்தில் ஒரு மாணவனால் கனவுகூடக் காண முடியாத விஷயம் இது. கூட்டமில்லாத ஒரு காலைப் பொழுதை ஊர் தியேட்டரில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் அந்த நேரம் சும்மா கிடக்கிறது.

இரண்டு. எடுத்ததைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்புக் கருவி, ஒன்று வேறு ஊரில். பூட்டில்லாத மூலப் பிரதி அதில் கட்டாயம் இருக்கட்டும். போனில் இருக்கிறது, யூடியூபில் ஏற்றிவிட்டேன் என்பது சேமிப்பு ஆகாது.

மூன்று. வீட்டில் பரணில் கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். சினிமாப் பாட்டு எங்கேயாவது கிடைத்துவிடும். ஆடித்தபசு சமயத்தில் யாரோ பதிந்த வில்லுப்பாட்டு, தாத்தாவின் குரல், உள்ளூர் நாதஸ்வரக் கச்சேரி எந்த ஆப்பிலும் கிடைக்காது. ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு ஆடியோ கேபிள், ஒரு லேப்டாப் போதும். சுருக்காத வேவ் ஃபைலாக ஏற்றி, யார், எங்கே, எந்த வருடம் என்று பெயர் எழுதி வையுங்கள்.

நான்கு. ப்ராஜெக்ட் தலைப்பு தேடுகிறவர்களுக்கு: சின்னத் தியேட்டர் சர்வருக்கான விலை குறைந்த கருவி, கீ குறித்த நேரத்துக்கு வந்ததா என்று முன்கூட்டியே எச்சரிக்கும் சின்ன மென்பொருள், கேசட் இரைச்சலைக் குறைக்கும் ஃபில்டர். மூன்றுக்கும் தேவை நம்ம ஊரிலேயே இருக்கிறது.

கீ முறையை உருவாக்கியவர்கள் இன்ஜினியர்கள். திருட்டைத் தடுக்க அது வேண்டும் என்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எந்தப் பூட்டைச் செய்தாலும், ஐம்பது வருடம் கழித்து அதை யார் திறப்பார்கள் என்ற கேள்விக்கும் டிசைனிலேயே பதில் வைப்பது நம் வேலை. நாளைக்கு அந்த டிசைன் மேஜையில் உட்காரப் போவது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். அன்றைக்கு இந்தக் கேள்வி ஞாபகம் வந்தால் போதும்.